பேச்சுக்கு 50 ரூபாய், மூச்சுக்கு எவ்வளவு?

தொண்டைப் புற்றுநோய்க்காகக் குரல்வளையை முழுதாக எடுத்தவர்கள் மறுபடி பேசவும், கழுத்து வழியாகச் சிரமமில்லாமல் மூச்சு விடவும் பெங்களூரில் வாங்கக்கூடிய சாமான்களைப் பற்றிய மதிப்பீடு இது. சிலிக்கான் வால்வு, மின் குரல் கருவி, கழுத்து ஃபில்டர், கூடவே பிரஷ், பிளக், ஒட்டுப் பட்டை. அல்சூர், சிவாஜிநகர், விவேக்நகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஆபரேஷன் தேதி கிடைத்த கையோடு கேட்பது வால்வு விலையைத்தான். கேட்க வேண்டியதுதான். ஆனால் வால்வு ஒரு தடவையோடு முடிகிற செலவு இல்லை. தேயும், ஒழுகும், மாற்ற வேண்டி வரும். ஃபில்டரோ தினச் செலவு. யாரும் விலை கேட்காத அந்த ஃபில்டர்தான் அன்றாட வாழ்க்கையை அதிகம் மாற்றுகிறது என்பது எங்கள் கணிப்பு.

இந்தச் சாமான்கள் எல்லா நோயாளிக்கும் தேவைப்படாது. குரல் நாணில் ஆரம்ப நிலையில் பிடிபட்ட கட்டிக்கு லேசர் ஆபரேஷனோ, கரண்ட் வைப்பதோ (கதிர்வீச்சுச் சிகிச்சை) போதும். குரல் கொஞ்சம் கரகரத்தாலும் சொந்தக் குரலாகவே இருக்கும். அதற்கு அடுத்த நிலையில் கீமோவும் கரண்டும் சேர்த்துக் கொடுத்துக் குரல்வளையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். 1991-ல் வெளியான அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆய்வில் 332 பேர் இருந்தார்கள். கீமோ, கரண்ட் பக்கம் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குரல்வளை தங்கியது. உயிர் பிழைப்பதில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை. பின்னாளில் அதே ஆட்களிடம் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, குரல்வளை தங்கியவர்கள் மேலாக இருந்தார்கள். ஆனால் அதற்குப் பேச்சைவிட, வலி குறைவாக இருந்ததும் மனச்சோர்வு குறைவாக இருந்ததுமே பெரிய காரணமாகத் தெரிந்தது. குரல் போனால் எல்லாமே போச்சு என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடும் வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டி குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்துவிட்ட நிலையில், குரல்வளையைக் காப்பாற்றியும் விழுங்கும்போதெல்லாம் புரையேறி, மூச்சுக்கு நிரந்தரமாகக் கழுத்தில் குழாய், சாப்பாட்டுக்கு வயிற்றில் குழாய் என்று ஆனால், காப்பாற்றியதில் என்ன லாபம்?

முன்னால் நடந்த சிகிச்சை எது என்பது வால்வின் ஆயுளையும் தொடும். நேராக ஆபரேஷன் ஆனவருக்குத் திசு ஆரோக்கியமாக இருக்கும், வால்வுக்காகப் போட்ட ஓட்டை கச்சிதமாக ஆறும். கரண்ட் வைத்தும் நோய் திரும்பி, அதன் பிறகு குரல்வளையை எடுத்தவருக்குக் கழுத்துச் சதை பலகை மாதிரி விறைத்திருக்கும். காயம் ஆற நாளாகும், வால்வைச் சுற்றி ஒழுகும் வாய்ப்பும் அதிகம். உணவுக்குழாயின் மேல் பகுதியையும் எடுத்து, வயிற்றையோ சிறுகுடலையோ மேலே இழுத்துத் தைத்தவர்களுக்கு வால்வுக் குரல் ஈரமாக, பலமில்லாமல்தான் வரும். அவர்கள் வீட்டில் மின் கருவி ஒன்றையும் வைத்துக்கொள்வது நல்லது.

வால்வு

மூச்சுக்குழாயின் பின்சுவருக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே சின்ன ஓட்டை போட்டு, இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த சிலிக்கான் குழாயைச் செருகுவார்கள். உணவுக்குழாய்ப் பக்கம் ஒரு மடல் இருக்கும். மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் வைத்த ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு மூச்சை வெளியே விட்டால் மடல் திறந்து, காற்று உணவுக்குழாய்க்குள் போய், அங்குள்ள சதையை அதிரவைத்து ஒலி எழுப்பும். விழுங்கும்போது மடல் மூடிக்கொள்ளும். நுரையீரல் காற்று முழுதும் கிடைப்பதால் ஒரு மூச்சில் ஒரு முழு வாக்கியம் பேசலாம். குரல் கட்டையாகத்தான் இருக்கும், பெண்களுக்கும் அப்படியே. இதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

பெங்களூர்க்காரர்கள் முதலில் விசாரிப்பது ‘ஓம்’ வால்வு. இங்கே புற்றுநோய் அறுவை மருத்துவராக இருக்கும் விஷால் ராவ், தொழிலதிபர் சசாங்க் மகேஷுடன் சேர்ந்து 2015 வாக்கில் கொண்டு வந்தது. 50 ரூபாய் என்று விலை சொன்னார்கள். வெளிநாட்டு வால்வு 15,000 ரூபாயிலிருந்து 30,000 வரை போய்க்கொண்டிருந்த நேரம் அது. மலிவு என்பதைத் தாண்டி இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. விலை அதிகமான வால்வு ஒழுக ஆரம்பித்தால், ‘இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்’ என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, இருமிக்கொண்டே காலம் தள்ளுகிறார்கள். கடைசியில் நெஞ்சில் சளி கட்டி நிமோனியாவில் கொண்டு விடும். மலிவான சாமானைத் தூக்கிப்போட யாரும் தயங்குவதில்லை.

அப்படியானால் எல்லோரும் இதையே வைத்துக்கொள்ளலாமா? அளவைப் பார்க்காமல் சொல்ல முடியாது. வால்வுக்கு நீளம், குறுக்களவு என்று இரண்டு அளவு. ஏற்கெனவே 22.5 ஃப்ரெஞ்ச் (குழாய்க் குறுக்களவைச் சொல்லும் மருத்துவ அலகு) குறுக்களவில் ஓட்டை பழகியவருக்கு அதைவிட ஒல்லியான வால்வைப் போட்டால் ஓரத்தில் இடைவெளி விழும். அதனால் பிராண்டை மாற்றுவதாக இருந்தால், தற்போது உள்ளே இருக்கும் வால்வின் பெயர், குறுக்களவு, நீளம் மூன்றையும் கேட்டு எழுதி வாங்கி, புது வால்வில் அந்த அளவு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தீர்மானிக்க வேண்டும். மாற்றி வைக்கப் பழகிய கை எங்கே இருக்கிறது என்பதும் விலைக்குச் சமமான கேள்வி. பொங்கலுக்குத் தர்மபுரியோ திருச்சியோ போன இடத்தில் வால்வு பழுதானால் அங்கே யார் மாற்றுவார்?

ஸ்வீடன் நிறுவனத்தின் புரோவாக்ஸ் வேகா இதில் வசதியானது. 17, 20, 22.5 என்று மூன்று குறுக்களவு, 4 மி.மீ. முதல் 15 மி.மீ. வரை ஆறு நீளம். ஆபரேஷன் ஆன புதிதில் திசு வீங்கியிருக்கும்; அப்போது 8 அல்லது 10 மி.மீ. வைத்தால், வீக்கம் வடிந்ததும் அதே வால்வு நீளமாகிப் போகும். ஒவ்வொரு வாய்க்கும் அது முன்னும் பின்னும் அசைந்து ஓட்டையைப் பெரிதாக்கும். குட்டையான அடுத்த அளவு கையில் இருந்தால் இந்த வம்பு அங்கேயே முடிந்துவிடும். ப்ளாம்-சிங்கர் வால்வு 16, 20 என்ற குறுக்களவுகளில் வருகிறது. சின்ன ஓட்டை உள்ளவர்களுக்குப் பொருந்தும். காந்தம் வைத்த ஆக்டிவால்வ் என்று ஒன்று உண்டு. பூஞ்சை படிந்து அடிக்கடி வால்வு கெட்டுப்போகிறவர்களுக்கானது, தினமும் ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட வேண்டும், விலை பல மடங்கு. மற்ற வால்வு ஆறு மாதம் தாங்கும் ஆளுக்கு இது வீண்.

எத்தனை நாள் உழைக்கும்? ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு மூன்று மாதத்தில் மாற்றுவது சாதாரணம், ஆறு மாதம் ஓடினால் நல்ல ஓட்டம். கடையிலோ ஆஸ்பத்திரியிலோ ‘ஒரு வருஷம் கேரண்டி’ என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

ஒழுகலில் இரண்டு வகை. எது என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். நல்ல வெளிச்சத்தில் உட்கார வைத்து, டார்ச்சைக் கழுத்து ஓட்டைக்குள் அடித்துக்கொண்டு, உணவுக் கலர் கலந்த தண்ணீரை ஒரு வாய் மட்டும் குடிக்கச் சொல்லுங்கள். பால் வேண்டாம், சளியோடு சேர்ந்து வெள்ளையாகவே தெரியும். வால்வின் நடு ஓட்டையில் நிறம் துளிர்த்தால் மடல் மூடவில்லை என்று பொருள். விளிம்பைச் சுற்றிப் பிறை வடிவில் நிறம் கசிந்தால் ஓட்டை பெரிதாகிவிட்டது அல்லது வால்வு நீளமாகிவிட்டது.

நடுவில் ஒழுகினால் முதலில் பிரஷ். மடலில் தக்காளித் தோலோ மிளகாய் விதையோ சிக்கியிருந்தால் அதிலேயே சரியாகிவிடும். கேண்டிடா பூஞ்சை படிந்து மடல் நெளிந்துபோயிருந்தால் பிரஷ் உதவாது, மாற்றித்தான் ஆக வேண்டும். சுற்றி ஒழுகினால் புது வால்வு மட்டும் போதாது. குட்டையான வால்வோ, கூடுதல் வளையமோ வேண்டியிருக்கும். அதோடு நெஞ்செரிச்சல், உடல் எடை இறக்கம், தைராய்டு குறைவு இவற்றில் எது திசுவைக் கெடுக்கிறது என்று டாக்டர் தேட வேண்டும். கழுத்துக்குக் கரண்ட் வைத்த எல்லோருக்குமே 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை அவசியம். இதை விட்டுவிட்டு வால்வு மேல் பழி போடுவது அடிக்கடி நடக்கிறது.

பிரஷ் போடும் விதம்: கையைக் கழுவி, கண்ணாடி முன் உட்கார்ந்து, கழுத்து ஓட்டை ஓரச் சளியை முதலில் துடைத்துவிடுங்கள். பிரஷை லேசாக நனைத்து வால்வுக்குள் மெதுவாக விட்டு, முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே சுழற்றி எடுங்கள். வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் ஒரு தடவை. காலை, இரவு, கூடவே சாப்பிட்ட பிறகு. தினமும் பிரஷை 70 சதவீத ஆல்கஹாலில் பத்து நிமிஷம் ஊறவைத்து, முழுதும் காய்ந்த பிறகு உபயோகிக்க வேண்டும். ஈரமாக விட்டால் ஆல்கஹால் ஆவி மூச்சுக்குழாயை எரிக்கும். மாதம் ஒரு புது பிரஷ். வால்வு கம்பெனி கொடுக்கும் பிரஷ் மட்டும்தான். பல் இடுக்கு பிரஷை வைத்து ஒப்பேற்றினால் கம்பி நுனி சிலிக்கானைக் கிழித்துவிடும். வாஸ்லின், தேங்காயெண்ணெய் எதையும் வால்வுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, சிலிக்கான் கெட்டுவிடும்.

மோர் குடித்தால் பூஞ்சை குறையும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது பாட்டி வைத்தியம் மட்டும் அல்ல. நெதர்லாந்தில் மோர், தயிர் வகைகளை வைத்துச் சில சின்ன ஆய்வுகளே நடந்து, வால்வில் படிவு குறைவதாகக் காட்டியிருக்கின்றன. பிரஷுக்குப் பதில் ஆகாது, கூடவே இருக்கட்டும். ஆனால் தாளிக்காத மோராகக் குடியுங்கள். கடுகும் கறிவேப்பிலைத் துணுக்கும் மடலில் மாட்டுவதற்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கும்.

வால்வோடு சேர்த்து இரண்டு சாமான்களை அன்றே வாங்கிவிடுங்கள். ஒன்று, பிளக். ஒழுகல் தொடங்கிய நாளுக்கும் மாற்றும் நாளுக்கும் இடையே அதை வால்வில் செருகிக்கொண்டு சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம். பேச வேண்டுமென்றால் கழற்ற வேண்டும். பிளக் இல்லாத நேரத்தில் தண்ணீரைவிடக் கெட்டியான ராகிக் கஞ்சி குறைவாக ஒழுகும். இன்னொன்று, 14 அல்லது 16 ஃப்ரெஞ்ச் ரப்பர் குழாய், மருந்துக்கடையில் கிடைப்பதுதான். வால்வு கழன்று விழுந்துவிட்டால் ஓட்டை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். அந்தக் குழாயை ஓட்டையில் விட்டு, நுனியை முடிச்சுப் போட்டு, கழுத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எப்படி விடுவது என்று வார்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே செய்துகாட்டச் சொல்லுங்கள். விழுந்த வால்வைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை, இருமலும் நிற்கவில்லை என்றால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அந்த நிமிஷமே எமர்ஜென்சி.

வால்வு சரியாக இருந்தும் குரல் இறுகிப் பிழிந்தாற்போல வருகிறதா? உணவுக்குழாய்த் தசை இறுக்கம் காரணமாக இருக்கலாம். அதற்கு போடாக்ஸ் ஊசி உண்டு. புது வால்வுக்கு மேல் புது வால்வு வாங்குவதில் பயனில்லை.

கழுத்து ஃபில்டர்

மூக்கு செய்துவந்த மூன்று வேலை, அதாவது காற்றைச் சூடாக்குவது, ஈரமாக்குவது, தூசியைப் பிடிப்பது, குரல்வளை போனதும் நின்றுவிடுகிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை மதியக் காற்று நன்றாகவே வறண்டுவிடும். கட்டிட வேலைத் தூசிக்கும் குறைவில்லை. விளைவாக, நாளெல்லாம் இருமல், கெட்டிச் சளி, இரவில் தூக்கம் கெடுவது. வீட்டார் இதை ‘நோய் திரும்பிடுச்சோ’ என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் வறட்சிதான்.

கேசட் என்று சொல்லும் ஃபில்டருக்குள் உப்பு ஏற்றிய நுரைப் பஞ்சு இருக்கும். வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்துவைத்து, உள்ளிழுக்கும்போது திருப்பிக் கொடுக்கும். மேலே அழுத்தினால் மூடிக்கொள்ளும், வால்வுப் பேச்சுக்கு விரலை ஓட்டையில் வைக்க வேண்டியதில்லை. இரவும் பகலும் மாட்டியிருக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு ஒரு புதுக் கேசட். இங்கேதான் இரண்டு தப்பு நடக்கிறது. கேசட்டைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடுகிறார்கள். கழுவினால் உப்பு கரைந்து போய்விடும். பார்க்கப் புதுசு போல இருக்கும், ஈரத்தைப் பிடிக்காது. அடுத்தது, முதல் சில வாரத்தில் சளி கூடினது போலத் தெரிவதால் ‘ஒத்துக்கல’ என்று கழற்றிப் போடுவது. கெட்டிச் சளி இளகுவதால் அப்படித் தெரிகிறது. ஒன்றிரண்டு மாதம் பொறுத்தால் இருமல் தணியும், தூக்கம் வரும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், விலை. மாதம் 30 கேசட், அதற்கு மேல் ஒட்டுப் பட்டை. பென்ஷனில் ஓடும் வீட்டுக்கு இது கனம்தான். ஒட்டுப் பட்டையும் எல்லாக் கழுத்துக்கும் நிற்காது. நிற்க வைக்கும் முறை: வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும், எண்ணெய்ப் பசை சோப்பு வேண்டாம். தாடி முளையை மழித்துவிட வேண்டும். தோல் காப்புத் துடைப்பானைத் தேய்த்து, அது காயும்வரை பொறுக்க வேண்டும். பட்டையை உள்ளங்கைச் சூட்டில் வைத்து இளக்கி ஒட்டி, ஒரு நிமிஷம் நீவிக் கொடுத்து, ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும். ஒட்டின உடனே உரக்கப் பேசினால் ஓரத்தில் காற்று புகுந்து அன்று முழுக்கப் பிசுபிசுக்கும். ஓட்டை குழிவாக இருப்பவர்களுக்குப் பட்டையைவிட சிலிக்கான் கழுத்துக் குழாயில் கேசட்டை மாட்டுவதே சரி. அந்தக் குழாயைக் கழுவி மாதக்கணக்கில் பயன்படுத்தலாம், செலவும் இறங்கும்.

பணம் அவ்வளவு இல்லையா? இரவிலும், வெளியே போகும்போதும் மட்டுமாவது கேசட் போட்டு, மற்ற நேரம் பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, நனைத்துப் பிழிந்து ஓட்டை முன் கட்டிக்கொள்ளலாம். தூசிக்கு நல்ல தடுப்பு, ஈரம் ஓரளவு, கேசட்டுக்கு ஈடாகாது. துவாலைத் துணி கூடாது, பிசிறு உள்ளே போகும். மஞ்சள் பூசிய தாலிக் கயிறும் ஓட்டை ஓரத்தில் உரசிப் பிசிறு விடும், அதைச் சங்கிலிக்கு மாற்றிக்கொள்வது நல்லது. கழுத்தில் பவுடர் வேண்டவே வேண்டாம். சளி கட்டினால் 0.9 சதவீத சலைன் 2 முதல் 3 மி.லி. ஓட்டைக்குள் விட்டு இருமச் சொல்லலாம். சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் வருவதை வாங்குங்கள். பெரிய பாட்டிலைத் திறந்து வாரக்கணக்கில் வைத்திருப்பது கிருமி வளர்க்கிற வேலை.

மின் குரல் கருவி

கழுத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதிரும் கைக்கருவி இது; அந்த அதிர்வை வாயும் நாக்கும் பேச்சாக்கும். சர்வாக்ஸ், ட்ரூடோன் இரண்டும் பெயர் பெற்றவை, இறக்குமதி, பத்தாயிரக் கணக்கில் விலை. ட்ரூடோனில் பொத்தானை அழுத்தும் அளவுக்கு ஏற்பச் சுருதி ஏறி இறங்கும். கேள்வி கேட்பதும் அதட்டுவதும் வேறுவேறாகக் கேட்கும். பழகினால் அந்த வசதிக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. வாங்கும் முன் கழுத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கரண்ட் வைத்துக் கழுத்து விறைத்தோ வீங்கியோ இருந்தால் அதிர்வு உள்ளே போகாது, வெறும் ரீங்காரம்தான் கேட்கும். அப்படியானவர்கள் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அல்லது வாய் ஓரத்தில் விடும் சின்னக் குழாயோடு வரும் கருவியை வாங்க வேண்டும். ஆபரேஷன் ஆன முதல் வாரங்களில் எல்லோருக்குமே இந்த வாய்க் குழாய்தான்.

தலைப்பகுதி தோலோடு முழுதாகப் பதிய வேண்டும். பேச்சுக்கும் பொத்தானுக்கும் நேரம் ஒத்துப்போக வேண்டும்: சொல் தொடங்கும்போது அழுத்தி, முடிந்ததும் விடுங்கள். மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு நிறுத்தம். பேசும்போது கழுத்து ஓட்டையிலிருந்து புஸ்ஸென்று காற்று தள்ளினால் பாதிச் சொல் அதில் முங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் கடைசிவரை போகாத பழக்கம். எழுதுவது வலது கையால் என்றால் கருவியை இடது கையில் பழகுங்கள், பாங்கிலும் கடையிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே பேசலாம்.

கருவி ஓயாமல் அதிர்வதால் வல்லினத்தின் கடினமும் மென்மையும் கலங்கிவிடும். தமிழில் அது பெரிதாக இடிக்காது. ‘பட்டு’ என்பதையும் ‘படு’ என்பதையும் நாம் ஒற்றை நீட்டிப் பிரிக்கிறோம், அதை நாக்கே பார்த்துக்கொள்ளும். ழ, ள, ண எதற்கும் சேதமில்லை. சிரமம் கன்னடத்தில்தான். குரல்வளை இல்லாமல் ஹகரம் வராது. ‘ஹோகி’ ‘ஓகி’ ஆகும், ‘ஹேளி’ ‘ஏளி’ ஆகும். பால் கேட்க ‘ஹாலு’ என்றால் கடைக்காரர் உருளைக்கிழங்கை எடுக்கப் போவார். ‘நந்தினி’ என்று பாக்கெட் பெயரைச் சொல்லிவிடுவது சுலபம்.

போனில் இன்னொரு தொல்லை உண்டு. மெஷின் குரல் என்று எதிர்முனையில் வைத்துவிடுவார்கள். ‘தொண்டை ஆபரேஷன் ஆனவர், கருவி வைத்துப் பேசுகிறார், வைக்காதீர்கள்’ என்று வீட்டார் குரலில் பதிவு செய்து, முதலில் அதை ஒலிக்க விடலாம். வால்வுக் குரல் சன்னமாக இருப்பவர்களுக்கு, ஆசிரியர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக், ஸ்பீக்கர் செட் நல்ல துணை, விலையும் அதிகமில்லை. மின் கருவிக்கு அது உதவாது, ரீங்காரத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம் போல வெளியே விட்டுப் பேசும் ஏப்பப் பேச்சுக்குச் செலவே இல்லை, கையும் வேண்டாம். பல மாதப் பயிற்சி, பலருக்கு வராமலே போகும். வந்தவர்கள் வேறு எதையும் தேடுவதில்லை.

வீட்டில்

காற்று மூக்கு வழியாகப் போகாததால் வாசனை தெரியாது. கேஸ் கசிந்தாலும் தெரியாது. அடுப்படியில் கேஸ் கசிவு அலாரம் ஒன்று மாட்டுவது இந்தப் பட்டியலிலேயே கட்டாயமான வாங்கல். வாசனையைத் திரும்பப் பெற ஒரு பயிற்சி உண்டு. உதட்டை மூடிக்கொண்டு, கொட்டாவியை அடக்குவது போலத் தாடையையும் நாக்கையும் கீழே இறக்கினால் மூக்கு வழியாகக் கொஞ்சம் காற்று உள்ளே வரும். நெதர்லாந்தில் உருவாக்கிய முறை, ஸ்பீச் தெரபிஸ்ட் சொல்லிக் கொடுப்பார். சாம்பிராணிப் புகையும் வரமிளகாய் தாளிக்கும் நெடியும் மட்டும் வாசனை தெரியாமலே நேராக நெஞ்சுக்குள் போய்விடும், அந்த நேரம் வேறு அறையில் இருப்பது நல்லது.

குளிக்கக் கழுத்துக் கவசம் விற்கிறார்கள். ஷவர் உள்ள வீட்டுக்குத் தேவை. வாளியும் சொம்பும் வைத்துக் குளிப்பவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நெஞ்சுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தலைக்கு மட்டும் முன்னால் குனிந்து பின்னாலிருந்து வேறொருவரை ஊற்றச் சொன்னால் போதும்.

யாரிடம் போவது

ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கும் முன் போனில் கேளுங்கள்: வால்வை மாற்றுவது சர்ஜனா, ஸ்பீச் தெரபிஸ்டா, வாரத்தில் எந்த நாள்? எந்தெந்த அளவு எப்போதும் கையிருப்பில் இருக்கும்? சனிக்கிழமை இரவு ஒழுகினால் யார் பார்ப்பார்? மாற்றும் கட்டணம் வால்வு விலையில் சேர்ந்ததா, தனியா? காப்பீட்டிலோ அரசுத் திட்டத்திலோ ஆபரேஷன் அடங்கும். பின்னால் வரும் வால்வும் கேசட்டும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். மலிவான வால்வுக்கும் ஓ.பி. சீட்டு, எண்டோஸ்கோப்பி, ஆட்டோச் செலவு என்று சேர்த்தால் கணக்கு வேறு.

தெரபிஸ்ட் தமிழ் பேசுகிறவராக இருந்தால் பயிற்சி வேகமாக நடக்கும், ஏனென்றால் வீட்டில் பேசும் வாக்கியங்களையே பயிற்சிக்கு எடுக்கலாம். லிங்கராஜபுரத்தில் சந்திரசேகர் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்புக் கழகம் இருக்கிறது. இரண்டும் தெரபிஸ்ட்டுகளை உருவாக்கும் இடங்கள், தமிழ் தெரிந்தவர் யார் என்று அங்கே விசாரிக்கலாம்.

பணப்பையில் ஒரு அட்டை இருக்கட்டும். ‘கழுத்து வழியாக மட்டும் மூச்சு விடுபவர், ஆக்ஸிஜனைக் கழுத்தில் வைக்கவும்’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும். 108-ல் வருபவர் பழக்கத்தில் முகத்தில்தான் மாஸ்க் வைப்பார்.

பழைய சாமான் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். மின் குரல் கருவியைத் தாராளமாக வாங்கலாம். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது, அதற்கு மாற்று பேட்டரி கிடைக்கிறதா என்று பார்த்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பயன்படுத்திய வால்வு, கேசட், கழுத்துக் குழாய் எதையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.